துடுப்பு யாருடையது?

இலங்கை அணி தோற்ற மறுநாட் காலையில் அன்புவழிபுரத்துத் தேநீர்க்கடைக்கு வருவோர் அங்கே ஒரு நீதிமன்றத்தைக் காண்பர். குற்றஞ்சாட்டப்பட்டோர் பதினொருவர், அவர்களுள் ஒருவரும் சமுகமளிப்பதில்லை. நீதிபதிகளோ பலர். துறைமுகத்தில் இரவு வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளி, முச்சக்கரவண்டிச் சாரதி, வேலை தேடிக் களைத்த பட்டதாரி, ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் ஆகிய யாவரும் ஆளுக்கொரு கோப்பைத் தேநீருடன் ஆசனம் வகிப்போம். தீர்ப்பு எப்பொழுதும் ஒன்றே. "கிழடுகளைத் தூக்கிப்போட்டுப் பொடியன்களை விடவேணும்!"

2023ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாட் காலையிலும் அந்நீதிமன்றம் கூடிற்று. முதல் நாள் மும்பாயில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியா 357 ஓட்டங்கள் குவிக்க, நம்மவர் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு வீழ்ந்திருந்தனர். அன்று என் குரலே உயர்ந்து ஒலித்தது. தெரிவுக்குழுவினருக்குக் கண்ணில்லை என்றேன். பத்து இளைஞரைத் தேர்ந்து நம்பிக்கையோடு விட்டால் மூன்றே ஆண்டில் அணி நிமிரும் என்றேன். மூலையிலிருந்த ஓர் இளைஞன் மெல்லக் கேட்டான்:

"சேர், பொடியன்களுக்கு எத்தனை மட்ச் குடுப்பீங்க?"

அவனை உற்றுப் பார்த்தேன். தாடி வளர்த்திருந்தான், தோள் அகன்றிருந்தது, எனினும் முகம் மறக்கக்கூடியதன்று. அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு ஒண்டுதானே தந்தீங்க."

அச்சிரிப்பில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதேனும் நியாயம் கூறித் தப்பியிருப்பேன். தேநீரை அருந்தி முடிக்காமலே எழுந்து வீடு திரும்பினேன். இக்கட்டுரை அன்று அவனுக்கு நான் கூறத் தவறிய விடையாகும்.

சமுதாயப் பிரச்சினைகளைப் பேசவேண்டிய ஏட்டிலே பந்தும் துடுப்பும் எதற்கு என்று சில நண்பர்கள் வினவக்கூடும். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, புதியவன் ஒருவன் எத்தனை முறை தவறலாம், அதை நிச்சயிப்பவர் யார் என்னும் வினாக்கள் விளையாட்டிடலிலே எழுவது போலவே வகுப்பறையிலும் தொழிற்சாலையிலும் எழுகின்றன. விளையாட்டில் அவை வெயிலில் நிகழ்கின்றன; ஆதலால் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அவ்வளவே வேறுபாடு.

நான் இவ்விளையாட்டின்மீது பற்றுக்கொண்டது 1982ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு பெப்ரவரி 17ஆம் நாள் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடத் தொடங்கியது. வானொலிப் பெட்டியின் ஆங்கில வருணனையில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆயினும் பாடசாலை மாணவனொருவன் நம் நாட்டின் முதலாவது டெஸ்ட் அரைச்சதத்தைப் பெற்றான் என்பது விளங்கிற்று. பதினெட்டு வயது அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டங்கள் எடுத்தார். எனக்கும் அப்பொழுது ஏறக்குறைய அதே வயது. போட்டியில் நாம் தோற்றோம். ஆனால் என் வயதினன் ஒருவன் பெரியவர்கள் நடுவே நின்று ஆடினான் என்னும் எண்ணம் பல நாள் என்னை உறங்கவிடவில்லை.

பதினான்கு ஆண்டுகளின் பின், 1996 மார்ச் 17ஆம் நாள், அவரே தலைவராக நின்று லாகூரில் உலகக் கிண்ணத்தைப் பெற்றார். அது போர்க்காலம். ஒரு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் முற்றம் நிறைய ஆட்கள் அமர்ந்திருந்தோம். "இது யாருடைய அணி? இதற்கு நாம் ஏன் கைதட்டவேண்டும்?" என்று கேட்டவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். அவ்வினா அர்த்தமற்றதென்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லேன். தன் ஊருக்கும் தன் பிள்ளைக்கும் வாயில் திறந்திருக்கும் அணியையே ஒருவன் தன் அணி என்று முழுமனத்தோடு அழைக்கமுடியும்.

இனி 2016ஆம் ஆண்டுக் கதைக்கு வருகிறேன். அவ்வாண்டு அவுஸ்திரேலிய அணி இங்கு வந்தது. பல்லேகலையில் நடந்த முதற்போட்டியில் முதல் இன்னிங்ஸில் 117 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்திருந்த இலங்கையை, இருபத்தொரு வயதான குசல் மெண்டிஸ் 176 ஓட்டங்கள் பெற்று மீட்டார். போட்டி வெல்லப்பட்டது, தொடரும் மூன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் நமதாயிற்று. ஊரெங்கும் இளமையின் புகழே பேச்சாயிருந்தது. அந்த உற்சாகத்தில் எங்கள் ஊர்க் கழகம் பட்டினத்தில் நடைபெறவிருந்த கடினப்பந்துச் சுற்றுப்போட்டி ஒன்றில் சேர்வதென்று தீர்மானித்தது. "சேர் நடுநிலையான ஆள்" என்று கூறி என்னையும் வேறிருவரையும் தெரிவுக்குழுவாக நியமித்தனர்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கடினப்பந்து அந்நியப் பொருள். அவர்கள் கிரவல் நிலத்திலே டெனிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்கள். டெனிஸ் பந்து தேங்காயின் விலைக்கு வரும், துடுப்பை மரத்துண்டில் செதுக்கிக்கொள்ளலாம், காற்காப்பு வேண்டியதில்லை. கடினப்பந்து அப்படிப்பட்டதன்று. துடுப்பு, காற்காப்பு, கையுறை, தலைக்கவசம் என்று ஒருவனை ஆயத்தஞ் செய்யவே ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் போதாது. எங்கள் கழகத்திடம் ஒரேயொரு பொதிதான் இருந்தது. அதுவும் கழகத்துக்குச் சொந்தமானதன்று. நாற்பத்து மூன்று வயதான ஓர் அரசாங்க எழுதுவினைஞருக்குச் சொந்தமானது. அவர் நல்ல மனிதர். யார் கேட்டாலும் இல்லையென்னாது கொடுப்பார். எல்லோரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம்.

அந்தச் சுற்றுப்போட்டியின் முதலாட்டத்தில் நான்காவதாகத் துடுப்பெடுத்தாட அனுப்பப்பட்டவன் பதினேழு வயதான ஒரு பையன். தந்தை துறைமுகத்தில் மூடை சுமப்பவர். டெனிஸ் பந்தில் அவன் அடிக்கும் அடியைக் காண்பதற்கென்றே சைக்கிளை நிறுத்திப் பார்ப்போர் உண்டு. அன்றோ அண்ணனுடைய காற்காப்பு அவன் தொடைவரை ஏறி நின்றது. தலைக்கவசம் கண்ணை மறைத்தது. இரண்டாவது பந்திலேயே அவன் விக்கெட் வீழ்ந்தது. பின்னர் களத்தடுப்பில் ஒரு பிடியையும் நழுவவிட்டான். பந்தின் பாரத்தை அவன் கை அதற்குமுன் அறிந்ததில்லை.

அடுத்த ஆட்டத்துக்குரிய பெயர்ப்பட்டியலைக் கொப்பித் தாளில் எழுதித் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டியவன் நானே. அதில் அவன் பெயர் இல்லை. அண்ணனின் பெயர் இருந்தது. அந்தப் பருவம் முழுவதிலும் அண்ணன் ஓர் ஆட்டத்திலேனும் இருபது ஓட்டங்களைத் தாண்டியவரல்லர். அவரை நீக்குவதா என்னும் பேச்சு தெரிவுக்குழுவில் எழவேயில்லை. ஏன் எழவில்லை என்று அப்பொழுது நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ளவுமில்லை. "அனுபவம் வேணும்" என்று ஒருவர் சொன்னார், மற்றிருவரும் தலையசைத்தோம். துடுப்பு அண்ணனுடையது என்னும் உண்மையை எங்களுள் எவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

பையன் வந்து பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தான். பேசாமற் போய்விட்டான். சில மாதங்களின் பின் கொழும்புக்குக் கட்டட வேலைக்குச் சென்றான். அங்கிருந்து கட்டாருக்குப் போனான். 2022ஆம் ஆண்டின் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்காக அங்கே எழுப்பப்பட்ட அரங்குகளுள் ஒன்றில் அவனும் கொங்கிறீட் சுமந்தானாம். சொந்த ஊரில் ஓர் ஆட்டத்துக்குமேல் இடம் பெறாதவன் பிறநாட்டார் ஆடுதற்கு அரங்கு கட்டினான். அவன்தான் 2023ஆம் ஆண்டு தேநீர்க்கடை மூலையிலிருந்து என்னை வினவியவன்.

அவனுடைய வினாவைக் கையிற்கொண்டு நம் தேசிய அணியின் சரித்திரத்தைத் திரும்பிப் பார்த்தேன். பல செய்திகள் எனக்கு வேறு பொருள் தந்தன.

முத்தையா முரளிதரன் தமது 800ஆவது விக்கெட்டை வீழ்த்திவிட்டு டெஸ்ட் அரங்கிலிருந்து விடைபெற்றது 2010ஆம் ஆண்டில். மஹேல ஜயவர்தன 2014ஆம் ஆண்டிலும் குமார் சங்கக்கார 2015ஆம் ஆண்டிலும் டெஸ்ட் ஆட்டத்தை விட்டனர். அன்று தொடங்கி "மீளக் கட்டியெழுப்புதல்" என்னும் சொல் நம் பத்திரிகைகளில் நின்றதில்லை. ஆனால் கட்டியதைவிடப் பிரித்ததே அதிகம். 2016இல் அவுஸ்திரேலியாவை வென்ற நாடு, 2017 ஜூலையில் சொந்த மண்ணிலேயே சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை இழந்தது. தலைவர் அஞ்சலோ மத்யூஸ் பதவி துறந்தார். அந்த ஓராண்டுக்குள் ஒருநாள் அணிக்குத் தலைமை தாங்கியோர் ஐவருக்குக் குறையார். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணியின் பெயர்ப்பட்டியல் அமைச்சரின் அங்கீகாரத்தையும் பெறவேண்டும். இத்தனை கைகள் மாற்றும் பட்டியலில் புதிதாக வந்த இளைஞன் எதை நம்பி ஆடுவான்? நாளை தன் பெயர் இராது என்னும் அச்சத்தோடு ஆடுபவன் பந்தைப் பார்ப்பதில்லை. சுவரில் ஒட்டப்படும் தாளையே பார்க்கிறான்.

இளைஞரால் இயலாது என்பாருக்கும் சரித்திரம் விடை வைத்திருக்கிறது. 2019 ஒக்டோபரில் பாதுகாப்பை முன்னிட்டு மூத்த வீரர் பதின்மர் பாகிஸ்தான் செல்ல மறுத்தனர். இருபது ஓவர் ஆட்டங்களுக்கு தசுன் சானக்கவின் தலைமையில் அனுபவம் குறைந்த அணியொன்று சென்றது. அக்காலத்தில் அவ்வகை ஆட்டத்தில் முதலிடம் வகித்த பாகிஸ்தானை மூன்று போட்டிகளிலும் லாகூரில் அது தோற்கடித்தது. அந்தப் பயணத்திலேதான் பானுக ராஜபக்ஷ சர்வதேச அரங்கில் அடியெடுத்து வைத்தார். 2022 செப்டெம்பர் 11ஆம் நாள் துபாயில் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது தலைவராக இருந்தவர் அதே சானக்க. இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காது 71 ஓட்டங்கள் பெற்றவர் அதே ராஜபக்ஷ. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் இரவுபகலாக வரிசையில் நின்ற ஆண்டு அது. மூத்தோர் வராமையால் நேர்ந்த விபத்தொன்று, திட்டமிட்ட தெரிவுகள் பல செய்யாததைச் செய்தது.

ஆயினும் என் மனத்தை அதிகம் உறுத்தியவை வேறிரு பெயர்கள். ஒருவர் மாவன் அத்தபத்து. 1990ஆம் ஆண்டில் சண்டிகாரில் தமது முதலாவது டெஸ்ட் போட்டியில் இரு இன்னிங்ஸ்களிலும் பூச்சியம் பெற்றார். 1992இல் மறுபடி அழைக்கப்பட்டார். பூச்சியமும் ஒன்றும் பெற்றார். 1994இல் மூன்றாம் முறை. மீண்டும் இரு பூச்சியங்கள். ஆறு இன்னிங்ஸ்களில் எடுத்த ஓட்டம் ஒன்றே! 1997இல் நான்காம் முறையும் அவருக்கு வாயில் திறந்தது. ஓய்வு பெறுகையில் அவர் கணக்கில் 5,502 ஓட்டங்களும் 16 சதங்களும் இருந்தன. அச்சதங்களுள் ஆறு இரட்டைச் சதங்கள்.

மற்றவர் காலி றிச்மண்ட் கல்லூரியின் மாணவரான கமிந்து மெண்டிஸ். 2022 ஜூலையில் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான தமது முதல் டெஸ்ட் போட்டியில் 61 ஓட்டங்கள் எடுத்தார். அணி வென்றது. அதன்பின் இருபது மாதங்கள் அவருக்கு அடுத்த டெஸ்ட் போட்டி கிடைக்கவில்லை. நோயுற்ற ஒருவரின் இடத்துக்கு வந்தவர், அவர் குணமடைந்ததும் விலகவேண்டியவரானார். 2024 மார்ச்சில் சில்ஹெட்டில் மறுபடி இடம் கிடைத்தபோது ஒரே போட்டியில் 102, 164 என இரு சதங்கள் அடித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில், பதின்மூன்றாவது இன்னிங்ஸில், ஆயிரம் ஓட்டங்களைத் தொட்டார். பிராட்மனும் ஆயிரம் ஓட்டங்களை எட்டியது பதின்மூன்றாவது இன்னிங்ஸிலேயே.

ஒருவருக்குத் தவறியும் இடம் கிடைத்தது. மற்றவருக்கு ஆடியும் உடனே கிடைக்கவில்லை. ஆனால் இவ்விருவருக்கும் பொதுவான ஒன்றுண்டு. நீக்கப்பட்டபோது இருவருக்கும் திரும்பிச் செல்ல ஓரிடம் இருந்தது. கழகம் இருந்தது, புற்றரை ஆடுகளம் இருந்தது, வாரந்தோறும் ஆட்டம் இருந்தது, தவற்றைத் திருத்த ஒரு பயிற்றுநர் இருந்தார். அங்கே ஓட்டங்களைக் குவித்து மறுபடி கதவைத் தட்டினர். எங்கள் ஊர்ப் பையன் நீக்கப்பட்டபோது அவனுக்குத் திரும்பிச் செல்ல இருந்தது கட்டட வேலை ஒன்றே. பொறுமை என்பது தெரிவாளரின் மனத்திலுள்ள நற்குணம் மாத்திரமன்று. அதற்கு மண் வேண்டும், பந்து வேண்டும், நேரம் வேண்டும். இவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுடைய பிள்ளைகளே தவறு செய்யும் உரிமையுடையோர். ஏழையின் பிள்ளை முதல் முயற்சியிலேயே வெற்றிபெற வேண்டியவனாகிறான்.

இந்த மண் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். சிங்களீஸ் விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899ஆம் ஆண்டில் தோன்றியவை. மூர்ஸ் கழகம், பறங்கியர் கழகம் என்று ஒவ்வோர் இனத்தின் பெயராலும் கொழும்பில் கழகங்கள் எழுந்தன. பெயர்கள் இனத்தினுடையவை, உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தவர். தமிழ் யூனியனுக்குத் தமிழ்ப் பெயருண்டு. ஆனால் துறைமுகத் தொழிலாளியின் மகனுக்குச் சிங்களீஸ் கழகம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமே அதுவும். முதற்றரப் போட்டிகளில் ஆடும் கழகங்கள் ஒரு காலத்தில் இருபதுக்கு மேற்பட்டுப் பெருகின. அவற்றுட் பெரும்பாலானவை கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே இருந்தன. கொழும்பு, காலி, கண்டி, தம்புள்ளை, அம்பாந்தோட்டை என்று சர்வதேச மைதானங்கள் அமைந்தன. கிழக்கு மாகாணத்தில் ஒன்றேனும் இல்லை. வடக்கில் மண்டைதீவில் ஒன்றுக்கு 2025ஆம் ஆண்டிலேயே அடிக்கல் நாட்டப்பட்டது.

இயற்கைத் திறமையுள்ளவன் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவான் என்று சிலர் ஆறுதல் கூறுவர். இரத்கமையின் கடற்கரையில் டெனிஸ் பந்து வீசித் திரிந்த லசித் மாலிங்கவை அதற்கு உதாரணமாகக் காட்டுவர். நானும் அவரையே உதாரணமாகக் காட்டுகிறேன். பதினேழு வயதளவில் காலியில் அவரைக் கண்டு கடினப்பந்தின்பால் திருப்பியவர் முன்னாள் தேசியப் பந்துவீச்சாளர் சம்பக்க இராமநாயக்க. முறை கோணலாயிருக்கிறதென்று நீக்காமல், அந்தக் கோணலையே படைக்கலமாக்கினார். 2004இல் அவர் இலங்கைக்காக ஆடினார். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். காலியில் அன்று அப்படி ஒரு கண் இருந்திராவிடில், இன்று அந்தக் கடற்கரையில் டெனிஸ் பந்தில் பேர்பெற்ற ஒரு நடுவயதினர் இருந்திருப்பார். அத்தகையோர் எங்கள் ஊரிலும் பலர் உளர். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய ஆட்டம் இன்றும் தொடர்கிறது. அந்த நீண்ட மரபுள்ள மத்திய கல்லூரியிலிருந்துதான் விஜயகாந்த் வியாஸ்காந்த் வந்தார். 2020இல் லங்கா பிரிமியர் லீக்கிலும் 2024இல் இந்தியன் பிரிமியர் லீக்கிலும் ஆடினார். மண் இருந்த இடத்தில் பயிர் முளைத்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

உலகத்தைப் பார்த்தாலும் இப்படியே. அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் பிராஞ்ச் ரிக்கி என்னும் நிர்வாகி, பெரிய கழகத்தின் கீழே சிறு ஊர்களில் இளைய கழகங்களை வைத்து வீரரை வளர்க்கும் முறையை 1920களில் வளர்த்தெடுத்தார். நம் உழவர் மொழியில் சொன்னால் அது நாற்றங்கால். குறைந்த செலவில் வீரரைப் பெறும் வணிக நோக்கமே அதற்கு அடிப்படை. அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அவரே பின்னர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்தில் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனைத் தேர்ந்தபோது, 1946ஆம் ஆண்டு முழுவதும் மொன்றியலில் ஆடவைத்து, 1947 ஏப்ரல் 15ஆம் நாள் பெரிய அரங்குக்குக் கொணர்ந்தார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாகக் கறுப்பருக்கு அடைக்கப்பட்டிருந்த கதவு அன்று திறந்தது. அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்னும் பட்டம் ராபின்சனுக்கே கிடைத்தது. மேற்கிந்தியாவிலும் அப்படித்தான். வெள்ளையரே தலைமைக்குரியவர் என்னும் வழக்கத்தை எதிர்த்து மார்க்ஸிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் தமது பத்திரிகையில் இயக்கம் நடத்தினார். 1960ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா சென்ற அணிக்கு பிராங்க் வொரல் தலைவரானார். ஒரு தொடர் முழுவதற்கும் மேற்கிந்திய அணியைத் தலைமை தாங்கிய முதற் கறுப்பர் அவரே. அதன்பின் அந்த அணி அடைந்த உயரத்தை உலகம் அறியும். இவ்விரு கதைகளிலும் மீளக் கட்டியெழுப்பியவர்கள் வயதை மட்டும் எண்ணவில்லை. அதுவரை யார் வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் எண்ணினர்.

மூத்தோரை எல்லாம் துரத்தவேண்டும் என்னும் தேநீர்க்கடைத் தீர்ப்பை இன்று நான் ஏற்கமாட்டேன். 1996ஆம் ஆண்டின் அணியில் ரணதுங்கவும் அரவிந்த டி சில்வாவும் குருசிங்கவும் இருந்தமையாற்றான் இளம் முரளிதரனும் வாஸும் அவர்களருகே நின்று கற்றனர். மூத்தவனின் கடமை தன் இடத்தைக் காத்துக்கொள்வதன்று. தன் இடத்துக்கு வருபவனை ஆயத்தப்படுத்துவது. அதைச் செய்பவன் முப்பத்தெட்டு வயதிலும் அணிக்கு இளைஞனே. தங்கள் அதிகாரத்துக்காகச் சண்டையிடும் பெரியவர்களோ இளையோரின் களத்தையே பறித்துவிடுவர். 2023 நவம்பரில் நிர்வாகத்தினருக்கும் அமைச்சருக்கும் இடையே மூண்ட பூசலால் சர்வதேசக் கிரிக்கெட் சபை இலங்கையை இடைநிறுத்தியது. அதன் விளைவாக, 2024 ஜனவரியில் இங்கே நடைபெறவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. பூசலிட்டவர்கள் இழந்தது சொற்பம். தம் மண்ணில், தம் தாய்தந்தையர் முன்னிலையில் ஆடும் வாய்ப்பை இழந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.

"அப்படியானால் தோல்வியைச் சகித்துக்கொண்டே இருப்பதா? வெற்றியன்றோ விளையாட்டின் நோக்கம்?" என்று கேட்பவர் உண்டு. வெல்லவே ஆடுகிறோம், ஐயமில்லை. ஆனால் நாங்கள் 2016இல் பையனை நீக்கி அண்ணனை வைத்துக்கொண்டும் அடுத்த ஆட்டத்தில் தோற்றோம் என்பதை இங்கே நேர்மையுடன் சொல்லவேண்டும். "இன்றைய வெற்றிக்காக" என்று நாம் கூறுவது பலவேளைகளில் இன்றைய வசதிக்காக என்பதன் மறுபெயராகும்.

2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் கழகக் கூட்டத்தில் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். 2016ஆம் ஆண்டுப் பட்டியலை எழுதியவன் நானே என்பதையும், ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் சொன்னேன். அண்ணனும் அங்கிருந்தார். அவர் முகம் வாடுமோ என்று அஞ்சினேன். சற்று நேரம் பேசாதிருந்து பின் சொன்னார்: "சேர், என்னை நீக்கினா நான் பொதியைத் தரமாட்டன் எண்டா நினைச்சீங்க? ஒருக்காக் கேட்டிருக்கலாமே." அவர் சொன்னது உண்மை. அவர் எங்களைக் கட்டாயப்படுத்தியதேயில்லை. உடைமை தன் வேலையைச் செய்வதற்கு உடைமையாளன் கெட்டவனாயிருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேள்வி கேட்கத் துணியாதிருந்தாற் போதும்.

அன்று இரு தீர்மானங்கள் நிறைவேறின. முதலாவது, துடுப்பும் காற்காப்பும் இனிக் கழகத்தின் பொதுவுடைமை. வீட்டுக்கு வீடு சென்று பணம் சேர்த்தோம். கட்டாரிலிருந்து வந்தவன் ஒரு துடுப்புக்குரிய பணத்தைத் தந்தான். அண்ணன் தமது பொதியைக் கழகத்துக்கே எழுதிக்கொடுத்தார். பிள்ளைகளின் அளவுக்கேற்ற காற்காப்புகள் இரண்டு சோடி வாங்கினோம். இரண்டாவது, புதிதாக வரும் எவனுக்கும் ஆறு ஆட்டங்கள் உண்டு. அத்தபத்துவின் ஆறு இன்னிங்ஸ்களை எண்ணியே அந்த இலக்கத்தை வைத்தோம். ஆறுக்குள் யாரும் அவனை நீக்கப்படாது. ஆறின் பின்னும் அவன் மாலைப் பயிற்சிக்கு வரலாம். பயிற்சியை நடத்துபவன், ஒரே ஆட்டத்தோடு எங்களால் நீக்கப்பட்ட அவனே. பகலில் மேசன் வேலை, மாலையில் இப்பணி.

அவ்விதியின்கீழ் இவ்வாண்டு வந்திருப்பவன் மீன் விற்கும் ஒரு தாயின் மகன், வயது பதினாறு. நான்கு ஆட்டங்கள் ஆடிவிட்டான். மொத்தம் பதினொரு ஓட்டங்கள். தேநீர்க்கடையில் முணுமுணுப்பு எழுந்துவிட்டது. "சேர், விதியெண்டாலும் ஒரு அளவு இருக்கு" என்று நேற்று ஒருவர் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஐந்தாவது ஆட்டம். அதிலும் அவன் தவறக்கூடும். அவன் அத்தபத்து ஆகாமலே போகவுங்கூடும். ஆறாவது ஆட்டமும் அவனுடையதே.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் கைகளிலும் பெயர்ப்பட்டியல்கள் இருக்கின்றன. முதல் வாங்கில் யார், கடைசி வாங்கில் யார், நாடகத்தில் யார், பேச்சுப்போட்டிக்கு யார் என்று நாள்தோறும் எழுதுகிறீர்கள். எழுதி முடித்தபின், அழித்த பெயர்களை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அப்பிள்ளைக்கு எத்தனை ஆட்டங்கள் கொடுத்தீர்கள் என்றும், துடுப்பு யாருடையதாயிருந்தது என்றும் உங்களையே கேட்டுப்பாருங்கள். நான் அதைக் கேட்க ஏழாண்டுகள் சென்றன; அதுவும் ஒரு தேநீர்க்கடை மூலையிலிருந்து அவனே வந்து கேட்டபின்தான்.